டெக்னிக்கல் ரைட்டர் வேலை: வன்னியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறவர்கள், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் ஐ.டி. முடித்தவர்கள், ஆங்கிலத்தில் எச்.என்.டி. செய்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் எனப் பலர் இந்த வேலையைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். நான் கிளிநொச்சியில் இருந்தபடி ஒரு மென்பொருள் கொம்பனிக்கு டொக்குமென்டேஷன் எழுதுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘டெக்னிக்கல் ரைட்டர்’ என்ற பெயரில் வருகிற விளம்பரங்கள் குறைவு, இன்னும் குறையலாம். அந்த வேலை நடக்கிற இடங்களோ நிறைய இருக்கின்றன, வன்னிக்குள்ளும் இருக்கின்றன. பதவிப் பெயரைத் தேடி அலையாமல் வேலை நடக்கிற இடத்தைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் இன்றைக்கு வழி திறக்கிறது.

டெக்னிக்கல் ரைட்டர் என்றால் உண்மையில் என்ன செய்வார்?

ஒரு மென்பொருளையோ இயந்திரத்தையோ பாவிக்கிறவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை எழுதுவார். பாவனைக் கையேடு, நிறுவும் முறை, ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு தகவல் பரிமாறும் வழி) விளக்கம், புதிய பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்பு, திரையில் வரும் பிழைச் செய்தி எல்லாம் இதில் அடங்கும்.

எழுதுவதற்குப் போகிற நேரம் நாளில் பாதி கூட வராது. மென்பொருளை நாங்களே ஓட்டிப் பார்க்க வேண்டும், எங்கே உடைகிறது என்று குறிக்க வேண்டும், பொறியாளரைப் பிடித்துக் கேள்வி கேட்க வேண்டும். அவர் சொன்னதும் திரையில் நடப்பதும் ஒன்றுதானா என்று திரும்பவும் சரிபார்க்க வேண்டும். கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறவருக்கு இந்த வேலை கடினம். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியது இதற்குப் பெரிதாக உதவாது.

அக்கா, நேரே சொல்லுங்கள், இப்போது வேலை இருக்கிறதா இல்லையா?

அனுபவம் உள்ளவர்களுக்கு இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கான வாசல் ஒடுங்கிவிட்டது.

கொரோனாக் காலத்தில் உலகம் முழுவதும் மென்பொருள் கொம்பனிகள் ஆட்களை அள்ளி எடுத்தன. 2022 கடைசியிலிருந்து அதே வேகத்தில் ஆட்குறைப்பும் நடந்தது. டொக்குமென்டேஷனைச் செலவாக மட்டுமே பார்க்கிற நிர்வாகங்கள் அந்தப் பிரிவில் முதலில் கை வைத்தன. அதே ஆண்டு நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்தது. பொறியாளரே ஏ.ஐ.யை வைத்து முதல் வரைவை எழுதிவிடுவார், எழுத்தாளர் எதற்கு என்ற பேச்சு தொடங்கியது. 1953இல் அமெரிக்காவில் தோன்றிய இந்தத் துறையின் மூத்த சங்கமான ‘சொசைட்டி ஃபோர் டெக்னிக்கல் கொம்யூனிகேஷன்’ 2025 ஜனவரியில் மூடப்பட்டது. உறுப்பினர்கள் குறைந்ததும் பணச் சுமையும் அதை மூட வைத்தன. சங்கம் மூடியதால் தொழில் முடிந்தது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அதில் தெரிகிறது.

இலங்கையில் இந்த வேலை பெரும்பாலும் கொழும்பைச் சுற்றித்தான். டபிள்யூஎஸ்ஓ2, ஐஎஃப்எஸ் போல சொந்தமாக மென்பொருள் செய்து வெளிநாட்டுக்கு விற்கிற கொம்பனிகளுக்கு நல்ல டொக்குமென்டேஷன் இல்லாமல் முடியாது, வாடிக்கையாளர் வேறு கண்டத்தில் இருக்கிறார். அடுத்தவருக்குச் செய்து கொடுக்கிற கொம்பனிகளில் எழுத்தாளருக்கு இடம் குறைவு. அங்கே கியூஏ (தரச் சோதனை) பார்க்கிறவரோ, வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டு எழுதுகிற பிசினஸ் அனலிஸ்டோ அதையும் சேர்த்து எழுதுகிறார். விண்ணப்பிக்க முன்னர் அந்தக் கொம்பனி எந்த வகை என்று பாருங்கள். பாதி அலைச்சல் மிச்சம்.

விளம்பரத்தில் பெயர்களும் மாறி மாறி வரும். டொக்குமென்டேஷன் ஸ்பெஷலிஸ்ட், இன்ஃபர்மேஷன் டெவலப்பர், யூஎக்ஸ் ரைட்டர், கன்டென்ட் டிசைனர், நொலெட்ஜ் பேஸ் எடிட்டர் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். இவற்றையும் போட்டுத் தேடுங்கள். சப்போர்ட், கியூஏ வேலைகளையும் தள்ளிவிடாதீர்கள். இந்தத் துறையில் நல்லபடியாக இருக்கிற பலர் அந்த வாசலால் உள்ளே வந்தவர்கள். சப்போர்ட்டில் இருக்கிறவருக்கு வாடிக்கையாளர் எங்கே தடுமாறுகிறார் என்பது தினமும் காதில் விழுகிறது. அந்த அறிவு எந்தக் கோர்ஸிலும் கிடைக்காது.

ஏ.ஐ. இதை முழுக்க விழுங்கிவிடாதா?

வெறுமனே இருப்பதை அழகாக்கி எழுதுகிற பகுதியை விழுங்கிவிட்டது. அதைத் திரும்பப் பெற முடியாது, அதை நம்பி இந்தத் துறைக்கு வரவும் வேண்டாம்.

மிஞ்சியிருப்பது எது என்பதற்கு ஓர் உதாரணம். ஓர் ஏபிஐயில், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் இணைப்பைத் துண்டிப்பது என்பதற்கு ‘டைம்அவுட்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதன் இயல்பு மதிப்பு 30. பொறியாளர் கோடில் வேறொன்றும் எழுதி வைக்கவில்லை. ஏ.ஐ.யிடம் கொடுத்தால் ‘இணைப்பு 30 விநாடிகளில் துண்டிக்கப்படும்’ என்று தடுமாறாமல் எழுதித் தரும். வாசிக்க நன்றாக இருக்கும். ஓட்டிப் பார்த்தால்தான் அது 30 நிமிடம் என்று தெரிகிறது. அதை வாசித்து ஒருவர் தன் ஆஸ்பத்திரி மென்பொருளை அமைத்துவிட்டால், தாதி எழுந்து போய் வந்த பிறகும் நோயாளியின் விவரம் திரையில் திறந்தே கிடக்கும். இப்படியான இடத்தில் ‘அலகு என்ன’ என்று சந்தேகப்படுகிறவர், சந்தேகப்பட்டதும் ஓட்டிப் பார்க்கிறவர், பார்த்ததை ஒரு வரியில் எழுதுகிறவர். அவரைத்தான் கொம்பனி தேடுகிறது.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. வாடிக்கையாளர் இப்போது கையேட்டைத் திறப்பதில்லை, கொம்பனியின் சட்பொட்டிடம் கேட்கிறார். அந்தச் சட்பொட் பதிலை எங்கிருந்து எடுக்கிறது? எங்கள் கையேட்டிலிருந்துதான். பழைய பக்கத்தை நீக்காமல் விட்டால் அது பழைய பதிலையே சொல்லும். ஒரே விஷயம் இரண்டு பக்கங்களில் இரண்டு விதமாக இருந்தால் இரண்டையும் கலந்து சொல்லும். அதனால் எதை வைத்திருப்பது, எதை நீக்குவது, எது எந்தப் பதிப்புக்குரியது என்று பார்த்துக்கொள்கிற வேலை கூடியிருக்கிறது. நேர்முகத்தில் ‘ஏ.ஐ. பாவிப்பீர்களா’ என்று கட்டாயம் கேட்பார்கள். பாவிப்பேன் என்று சொல்லுங்கள், எதற்குப் பாவிப்பேன், வந்ததை எப்படிச் சரிபார்ப்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வன்னிக்குள் இந்த வேலை எங்கே இருக்கிறது?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

முதலில் கண்ணிவெடி அகற்றும் பணி. 2009க்குப் பிறகு முகமாலையிலிருந்து மன்னார் வரை ஹலோ ட்ரஸ்ட், மெக் ஆகிய வெளிநாட்டு அமைப்புகளும் உள்ளூர் அமைப்புகளான டாஷ், ஷார்ப் ஆகியவையும் இந்த வேலையைச் செய்து வந்திருக்கின்றன. அங்கே ஒவ்வொரு அசைவும் எஸ்ஓபி என்கிற எழுதப்பட்ட செயல்முறைப்படிதான் நடக்கும். காலையில் டிடெக்டரை எந்தச் சோதனைப் பொருளின் மேல் பிடித்துப் பார்ப்பது, பாதையின் ஓரத்தை எப்படி அடையாளமிடுவது, இரண்டு பேருக்கிடையில் எவ்வளவு தூரம் விடுவது, ஒருவர் காயப்பட்டால் யார் எந்த வழியால் தூக்கிப்போவது எல்லாம் எழுத்தில் இருக்கும். சர்வதேசத் தரநிலைகளைப் பார்த்து எழுதி, எங்கள் நிலத்துக்குத் திருத்தி, தமிழில் விளங்கப்படுத்தி, பயிற்சியில் சோதித்துப் பிறகு அமுல்படுத்துகிறார்கள். ஒரு வரி தெளிவில்லாமல் போனால் கால் போகும் என்ற நிலையில் எழுதிப் பழகியவர்கள் அவர்கள். இதைவிடக் கண்டிப்பான தொழில்நுட்ப எழுத்து எனக்குத் தெரியாது.

கண்ணிவெடிகளைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையின்படி இலங்கை தன் நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028 ஜூன். அந்தப் பணி சுருங்கச் சுருங்க அங்கே வேலை செய்கிற எங்கள் ஆட்கள், குறிப்பாகக் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிற பெண்கள், அடுத்து என்ன என்று யோசிக்கிறார்கள். குழுத் தலைவராக இருந்தவர்களும் அலுவலகத்தில் பயிற்சிக் குறிப்பு, நிறைவு அறிக்கை எழுதியவர்களும் தங்கள் சிவியில் ‘கள உத்தியோகத்தர்’ என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி நிறுத்தாதீர்கள். எஸ்ஓபி திருத்தினேன், பயிற்சிக் கையேடு தமிழில் தயாரித்தேன், இத்தனை பேருக்கு அதை வைத்துப் பயிற்சி கொடுத்தேன் என்று எழுதுங்கள். பாதுகாப்பு, தரக் கட்டுப்பாடு, பயிற்சி ஆகிய பிரிவுகளில் ஆள் எடுக்கிறவர்களுக்கு அந்த வரிகளின் பெறுமதி தெரியும்.

ஆடைத் தொழிற்சாலைகளில் தர நடைமுறை ஆவணங்கள் உண்டு. மன்னாரில் தம்பபவனி காற்றாலையில் 30 காற்றுச் சுழலிகள் நிற்கின்றன, பராமரிப்புப் பதிவும் பாதுகாப்பு நடைமுறையும் இல்லாமல் அப்படி ஒன்றை ஓட்ட முடியாது. அரிசி ஆலை, ஐஸ் தொழிற்சாலை, கூட்டுறவுச் சங்கம் எங்கும் யாரோ ஒருவர் ‘இதை இப்படிச் செய்யுங்கள்’ என்று எழுதி ஒட்டுகிறார். இவை எதிலும் எழுத்தாளர் என்ற பதவி இருக்காது. உள்ளே போன பிறகு அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

என் ஆங்கிலம் சுமார். பேச வராது, எழுதினால் பிழை வரும். சரிவருமா?

மென்பொருள் கொம்பனி வேலைக்கு ஆங்கில எழுத்து கட்டாயம் வேண்டும். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் என்ன மாதிரி ஆங்கிலம் என்று தெரிந்துகொள்ளுங்கள், பயம் பாதி குறையும். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற மெக்கானிக்கும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. செய்முறை வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் கூடாது, விளக்க வாக்கியத்தில் 25க்கு மேல் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளைதான். அனுமதித்த பொதுச் சொற்கள் ஆயிரம்கூட வராது. இதுதான் இந்தத் துறையின் உயர்ந்த ஆங்கிலம். ரியூசனில் மனப்பாடம் செய்த பெரிய பெரிய சொற்கள் இங்கே பிழையாகவே எண்ணப்படும்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்த எங்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. எந்த வாக்கியம் வாசிக்கிறவரை இடறச் செய்யும் என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள் இடறி எழும்பியவர்கள். தினமும் ஒரு மென்பொருளின் உதவிப் பக்கத்தை எடுத்து, மூடிவைத்துவிட்டு, அதே செய்முறையை உங்கள் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். மைக்ரோசொஃப்ட், கூகுள் இரண்டும் தங்கள் எழுத்து நடைக் கையேடுகளை இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. சந்தேகம் வந்தால் அதில் தேடுங்கள்.

பேச்சுக்கு வருவோம். வாராந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்கிற அளவுக்குப் பேச வந்தால் போதும். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக் கேட்பதை யாரும் குறையாக நினைப்பதில்லை. பொறியாளர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

தமிழிலேயே தொழில்நுட்பம் எழுதிச் சம்பாதிக்கலாமா?

முழுநேரச் சம்பளமாக இன்றைக்குக் கிடைப்பது அரிது. திரைச் சொற்களையும் உதவிப் பக்கங்களையும் மொழிபெயர்க்கிற வேலை சொல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் பகுதிநேரமாக வரும். அதில் கணிசமான பங்கை இயந்திர மொழிபெயர்ப்பு எடுத்துவிட்டதால், வந்ததைத் திருத்துகிற வேலைதான் மிச்சம். அதற்குக் கூலியும் குறைவு.

தேவை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். முல்லைத்தீவில் ஒரு விவசாயி வாங்குகிற நீர்ப்பம்பிப் பெட்டிக்குள் தமிழில் ஒரு தாள் இருந்தால் அதிர்ஷ்டம். கிருமிநாசினிப் போத்தலில் தமிழ் இருந்தாலும் எழுத்து எறும்பளவு. தேவை இருக்கிற இடத்தில் அதற்குப் பணம் கொடுக்கிறவர் இல்லை, பிரச்சினை அங்கேதான். கையேடு தருகிற கடைக்காரரிடம் வாடிக்கையாளர் திரும்ப வருவார், பழுது பார்க்கச் சொல்லி வருகிறவர்கள் குறைவார்கள் என்று யாராவது கணக்குக் காட்ட வேண்டும். நீங்கள் அதைச் செய்து காட்டினால் அது உங்கள் மாதிரி எழுத்தாகவும் ஆகும். அடுத்த கேள்விக்குப் பதிலும் அதுதான்.

அனுபவம் இல்லை. போர்ட்ஃபோலியோவில் எதை வைப்பது?

மூன்று நல்ல மாதிரிகள் போதும். மூன்றும் நீங்கள் கையால் செய்து பார்த்தவையாக இருக்க வேண்டும்.

ஒன்று, வீட்டிலிருக்கிற பெற்றோல் நீர்ப்பம்பி. வழக்கமாக அதன் தாளில் இப்படித்தான் இருக்கும்: ‘பம்பியை இயக்குவதற்கு முன்னர் தேவையான அனைத்து முன்னேற்பாடுகளும் மேற்கொள்ளப்பட்டிருப்பதை உறுதிப்படுத்திக்கொள்ளவும். நீர் நிரப்பப்படாத நிலையில் இயக்குதல் தவிர்க்கப்பட வேண்டும்.’ எழுதியவருக்கு எல்லாம் தெரியும், வாசிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. இதை நான் இப்படி மாற்றுவேன்:

எச்சரிக்கை: உள்ளே தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் பம்பியின் சீல் எரிந்துபோகும்.
1. எஞ்சின் ஒயில் அளவைப் பாருங்கள்.
2. பம்பியின் மேல் மூடியைத் திறந்து, வாய் வரை தண்ணீர் ஊற்றி, இறுக்கி மூடுங்கள்.
3. உறிஞ்சு குழாயின் வலை முழுவதும் தண்ணீருக்குள் இருக்கிறதா பாருங்கள்.
4. பெற்றோல் திருகைத் திறந்து, சுவிட்சைப் போடுங்கள்.
5. எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை மூடுங்கள்.
6. கயிற்றை இழுத்து எஞ்சினை இயக்குங்கள். எஞ்சின் சூடேறியதும் சோக்கை மெல்லத் திறந்துவிடுங்கள்.
தண்ணீர் வரவில்லையா? எஞ்சினை நிறுத்துங்கள். குழாய் இணைப்பால் காற்று இழுக்கிறதா பாருங்கள்.

எச்சரிக்கை செய்முறைக்கு மேலே வந்திருக்கிறது. சீல் எரிந்த பிறகு அதை வாசித்து என்ன பயன்? அப்புறம், இதைப் பம்பி பாவித்துப் பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். எந்த வரியில் அவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். பிறகு அதே செய்முறையை ஆங்கிலத்திலும் எழுதி, முதல் வரைவு, திருத்திய வரைவு, ஏன் திருத்தினேன் என்ற குறிப்பு மூன்றையும் சேர்த்து வையுங்கள். ஆள் எடுக்கிறவர் அந்தக் குறிப்பைத்தான் கவனித்து வாசிப்பார்.

இரண்டாவது, ஒரு ஏபிஐ விளக்கம். இலவசமாகத் திறந்திருக்கிற ஏதாவது காலநிலை ஏபிஐயை எடுத்து, போஸ்ட்மன் என்ற ஏபிஐ சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்த்து, என்ன அனுப்ப வேண்டும், என்ன திரும்பி வரும், பிழை வந்தால் எந்த எண் வரும் என்று எழுதுங்கள். இரணைமடுப் பக்கத்து மழை விவரத்தை எடுப்பது எப்படி என்று எழுதினால் படிக்கிறவருக்கும் நினைவில் நிற்கும்.

மூன்றாவது, திறந்த மூல மென்பொருள் ஒன்றின் கையேட்டில் நீங்கள் செய்த திருத்தம். டபிள்யூஎஸ்ஓ2 உட்படப் பல கொம்பனிகளின் கையேடுகள் கிட்ஹப் என்ற கோடு பகிரும் தளத்தில் திறந்தே கிடக்கின்றன. எழுத்துப் பிழை திருத்துவதோடு நிற்காதீர்கள். ஒரு நிறுவல் முறையை முதல் படியிலிருந்து செய்து பாருங்கள், ஓடாத படியைக் கண்டுபிடித்து அதைத் திருத்தி அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டால் உங்கள் பெயரோடு அது பொதுவில் நிற்கும். கொழும்பில் யாரையும் தெரியாத ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சிபாரிசுக் கடிதம் கிடையாது.

எந்தக் கருவிகளைப் படிக்க வேண்டும்?

எளிய குறியீடுகளால் எழுத்தை வடிவமைக்கிற மார்க்டவுன், கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கிற கிட் இரண்டும் முதலில். பிறகு போஸ்ட்மன், ஓர் ஏபிஐயை விவரிக்கிற ஓப்பன்ஏபிஐ கோப்பை வாசிக்கும் அளவுக்கான அறிவு. எம்கேடொக்ஸ் அல்லது டொக்குசோரஸில் ஒரு சின்னத் தளம் கட்டிப் பாருங்கள். மெட்கேப் ஃபிளேர், டிட்டா போன்றவை பெரிய கொம்பனிகளில் வரும், போன பிறகு பழகலாம். கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம். எதை எந்த வகைப் பக்கமாக எழுதுவது என்று குழப்பம் இருந்தால் டையாடக்ஸிஸ் என்ற வகைப்பாட்டைப் படியுங்கள். பயிற்சி, செய்முறை, உசாத்துணை, விளக்கம் என்று நான்காகப் பிரித்துக் காட்டும். ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம், பயன் நீண்ட காலம் இருக்கும்.

காசு கட்டிக் கோர்ஸ் செய்யட்டுமா?

வேலை நிச்சயம் என்று சொல்லிக் காசு கேட்கிற எதற்கும் கட்டாதீர்கள். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டுகிற அளவுக்கு இதில் இலவசமாகக் கிடைக்காதது ஒன்றும் இல்லை. அந்தக் காசில் ஒரு நல்ல லப்டொப் வாங்குங்கள்.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருந்தபடி வேலை செய்ய முடியுமா?

முடியும், நான் செய்கிறேன். ஆனால் முதல் வேலையே அப்படிக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் ஓரிரு வருடம் பொறியாளர்களுக்குப் பக்கத்தில் இருந்தால் கற்கிற வேகமே வேறு. தேநீர் குடிக்கும்போது காதில் விழுவதை எந்தக் கூட்டத்திலும் சொல்ல மாட்டார்கள். கொழும்பில் போர்டிங் எடுக்க வீட்டில் வசதி இருந்தால் போங்கள். போக முடியாதவர்கள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்துவருகிற மென்பொருள் கொம்பனிகளையும் பாருங்கள். கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் தினமும் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து செய்கிறவருக்கு இரண்டு இணைப்புகள் தேவை. நகரத்துக்குள் ஃபைபர் கிடைக்கிறது, உள்ளுக்குப் போனால் 4ஜி ரவுட்டர்தான். 2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்க் இலங்கையில் கிடைக்கிறது, ஆனால் தனி ஆளுக்கு அந்தச் செலவு கட்டாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தால் யோசிக்கலாம். மாரியில் கரண்ட் போகும், ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வையுங்கள். இந்த வேலையில் ஒரு நன்மை, கோப்புகள் எழுத்துக் கோப்புகள். இணைப்பு இல்லாத நேரத்திலும் எழுதலாம், வந்ததும் அனுப்பலாம்.

சம்பளம் எவ்வளவு? டொலரில் கிடைக்குமா?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகத்தின் 2023 மே கணக்கில் டெக்னிக்கல் ரைட்டரின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 80,050 டொலர். அந்த எண்ணை வைத்து இங்கே கனவு காணாதீர்கள். அது அந்த ஊர்ச் செலவோடு சேர்ந்த எண். இங்கே பேரம் பேசும்போது, அதே கொம்பனியில் அதே அனுபவமுள்ள கியூஏ பொறியாளர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து, அதை அளவாக வைத்துப் பேசுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தனியாகச் செய்தால் பணம் வருகிற வழியை முதலே தீர்மானியுங்கள். பேபாலில் இலங்கையிலிருந்து பணம் பெறுவது நீண்ட காலமாகவே சிக்கல், அதனால் பலர் பேயோனியரையோ நேரடி வங்கிப் பரிமாற்றத்தையோ பாவிக்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் வரி உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு, அதற்கு மேல் வரி வீதத்தின் உச்சம் 15 சதவீதம். வங்கி வழியாகவே எடுங்கள், ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பிற்பாடு கடன் எடுக்கப் போகும்போது அந்தத் தாள்கள் உதவும்.

அரச வேலை வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள் வீட்டில்.

வீட்டில் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். இத்தனை இடப்பெயர்வு பார்த்த பெற்றோருக்கு மாதம் முடிய வருகிற நிச்சயமான சம்பளமும் பென்ஷனும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். விண்ணப்பத்தைப் போடுங்கள், பரீட்சை எழுதுங்கள். காத்திருக்கிற காலத்தை மட்டும் வெறுமையாக விடாதீர்கள். பட்டதாரி நியமனம் கேட்டு வருடக்கணக்கில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் நின்ற அண்ணன்மார், அக்காமார் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் மூன்று மாதிரிகளும் தயாராகிவிட்டால், அபிவிருத்தி உத்தியோகத்தராகவே போனாலும் பிரதேச செயலகத்தில் மக்கள் நிரப்புகிற படிவத்தை விளங்குகிற மாதிரி எழுத ஓர் ஆள் கிடைக்கும்.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் ஒரு சின்ன எழுத்துத் தேர்வு இருக்கும். ஒரு குழப்பமான பந்தியைத் தந்து திருத்தச் சொல்வார்கள், அல்லது ஒரு மென்பொருளைக் காட்டிச் செய்முறை எழுதச் சொல்வார்கள். எழுதத் தொடங்க முன்னர் ‘இதை வாசிக்கப் போவது யார்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே மதிப்பெண் உண்டு. ‘பொறியாளருக்கு நேரமில்லை, எப்படித் தகவல் எடுப்பீர்கள்?’ என்பது கட்டாயக் கேள்வி. முதலில் நானே ஓட்டிப் பார்ப்பேன், தெரிந்ததை எழுதிக் காட்டி, பிழையான இடத்தை மட்டும் சொல்லச் சொல்வேன் என்பதே என் பதிலாக இருக்கும். வேலை நேரத்திலும் அப்படித்தான் செய்கிறேன்.

தேர்வு என்ற பெயரில் ஒரு முழுக் கையேட்டையே இலவசமாக எழுதி வாங்கப் பார்க்கிறவர்களும் உண்டு. ஓரிரு பக்கம் என்றால் செய்யுங்கள். அதைத் தாண்டினால் கூலி கேளுங்கள்.

விண்ணப்பக் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

அரைப் பக்கம். அந்தக் கொம்பனியின் கையேட்டில் ஒரு பக்கத்தை நீங்கள் உண்மையாகவே பின்பற்றிச் செய்து பார்த்து, எந்த இடத்தில் தடைப்பட்டது, அதை எப்படி எழுதலாம் என்று இரண்டு வரியில் மரியாதையாகச் சொல்லுங்கள். மாதிரிகளுக்கான இணைப்பு முதல் பந்தியிலேயே இருக்கட்டும். அனுப்ப முன்னர் வேறொருவரின் ஃபோனில் அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் மட்டும் திறக்கிற இணைப்பை அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று காத்திருக்கிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.